இருபத்தெட்டு என்று அச்சடித்தவன்

தொழிற்சாலை முதலுதவி அறையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் சிஸ்டர் போன வாரம் எனக்கு போன் செய்தார்.

"சார், பொம்பளைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிற மஞ்சள் கார்டு இருக்கே, அதுல 'எத்தனை நாளுக்கு ஒருமுறை'ன்னு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துல வெள்ளை மை பூசி அழிச்ச தடம் எல்லா ஜெராக்ஸ்லயும் விழுது. அதுக்கு அடியில என்ன சார் இருந்துச்சு?"

"என் மானம்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "இதை எழுதிக் குடுத்துடுங்க சார், புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொல்வது ஆபத்தான காரியம். சிஸ்டருக்கு வயது குறைவு, அது தெரியவில்லை. எழுதிவிட்டேன். இதில் வரும் பெண்ணின் பெயரையும் குடும்பத்தார் பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். என் முட்டாள்தனத்தை மாற்றவில்லை.

நான் வாலாஜாபாத்காரன். நர்ஸ் படிப்பு மூன்று வருடம், காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டது இருபத்தைந்து வருடம். பெண்கள் சமாச்சாரத்தில் எனக்கு இருந்த அனுபவமெல்லாம் பிரசவ வார்டு வாசலில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்த பலகையின் வெளிப்பக்கம்தான். அப்படிப்பட்டவனை 2006-இல் சுங்குவார்சத்திரம் அருகே எலெக்ட்ரானிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு எடுத்தார்கள். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது, பெரும்பாலும் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் சேர்த்து முதலுதவி அறையில் நான் ஒருவன். சோற்றுப் பானையைக் காக்கப் பூனையை வைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பூனைக்குச் சோறு என்றால் என்னவென்றே தெரியாது.

சேர்ந்த மூன்றாம் மாதமே என் பதிவேட்டைப் பார்த்து மேலாளர் கலங்கிப்போனார். வந்த பெண்களில் பாதிப்பேருக்குத் தலைவலி. லைனில் வெளிச்சம் சரியில்லை என்று அவர் முடிவுகட்டினார். சென்னையிலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு மேசையாகக் கருவி வைத்து வெளிச்சம் அளந்தார்கள். இரண்டு லைனில் டியூப் லைட் முழுவதையும் மாற்றினார்கள். தலைவலி மட்டும் குறையவில்லை. என்னைப் பார்த்தாலே மாத்திரை ஞாபகம் வருகிறது என்று பிள்ளைகள் எனக்கு 'பாராசிட்டமால்' என்று பெயர் வைத்திருந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் டாக்டர் வசந்தகுமாரி வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் பணி முடித்தவர், குன்றத்தூரில் வீடு. செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணி முதல் ஒரு மணி வரை வருவார். முதல் நாளே என் பதிவேட்டைப் புரட்டினார். பேனா தொடமாட்டார், எப்போதும் பென்சில். பென்சில் முனையால் ஒரு பெயரைத் தொட்டார்.

"தணிகாசலம், இந்தப் பொண்ணுக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான் தலைவலி வருது. தேதியைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"பாத்து?"

"மாத்திரை குடுத்தேன்."

"எங்க வலிக்குதுன்னு கேட்டீங்களா?"

"தலைவலியை எங்க வலிக்குதுன்னு எப்படி மேடம் கேக்கிறது?"

அவர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு அடுத்த பெண்ணைத் தானே உள்ளே அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது. அடிவயிற்று வலி என்று ஓர் ஆம்பளையிடம் சொல்ல வெட்கப்பட்டு, அத்தனை பிள்ளைகளும் வலியை இரண்டு அடி மேலே தூக்கித் தலையில் வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலை அதற்கு டியூப் லைட் மாற்றியிருக்கிறது.

டாக்டர் அம்மா திட்டவே மாட்டார். திட்டினால் நாம் பதிலுக்கு ஏதாவது முணுமுணுத்து மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். அவர் ஒரு கேள்விதான் கேட்பார்: "எப்படித் தெரியும்?" காய்ச்சல் இல்லை மேடம் என்றால், எப்படித் தெரியும்? சாப்பிட்டாளாம் மேடம் என்றால், எப்படித் தெரியும்? ஒருமுறை, "மேடம், மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன். பழக்க தோஷத்தில் அதற்கும் கேட்டுவிட்டார்.

மஞ்சள் கார்டு அவர் யோசனை. மாதவிடாய் நாளை ஒவ்வொரு பெண்ணும் குறித்து வைக்கும் சிறிய அட்டை. அதை நிரப்பும் முறையை எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க உட்காரவைத்துச் சொன்னார். முதல் நாள் என்றால் கறை கண்ட நாள். பல பிள்ளைகள் மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டதைத்தான் தேதியாகச் சொல்வார்கள், விடாமல் கேட்க வேண்டும். ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாளுக்கு முந்திய நாள் வரை எண்ணினால் அது அவளுடைய சுழற்சி. ஒருத்திக்கு இருபத்தைந்து, இன்னொருத்திக்கு முப்பத்தைந்து. இரண்டும் நோய் அல்ல. குறைந்தது மூன்று மாதத் தேதி பார்க்காமல் அந்தக் கட்டத்தில் எண் எழுதக் கூடாது.

"குழந்தைக்காக நாள் கேட்டு யாராவது வந்தா முன்னாலிருந்து எண்ணாதீங்க," என்றார். "முட்டை வெளிவந்து சுமார் பதினாலு நாள்ல அடுத்த மாதவிடாய் வரும். அந்தப் பின்பாதிதான் பெரும்பாலும் மாறாது. நீளுறதும் குறையறதும் முன்பாதி. அதனால அடுத்தது வரவேண்டிய நாள்லேருந்து பின்னால பதினாலு எண்ணுங்க."

நான் அதை எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். முட்டை எங்கள் கம்பெனி பஸ் மாதிரி. ஸ்டாப்பில் ஒரே நாள்தான் நிற்கும். ஆண் தரப்புப் பயணிகள் ஐந்து நாள் முன்னதாகவே வந்து நின்று காத்திருக்கலாம், கெட்டுப்போக மாட்டார்கள். பஸ் கிளம்பிய பிறகு ஓடிவந்து பிரயோஜனமில்லை. இதைக் கேட்டு டாக்டர் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பாடம் முடிந்தது, எல்லாம் தெரியும் என்று முடிவு செய்துவிட்டேன்.

2009-இல் கார்டு தீர்ந்துபோனது. ஜெராக்ஸ் எடுக்கப் புதிதாக ஒரு மூலப்பிரதி நான்தான் தட்டச்சு செய்தேன். அப்போது 'எத்தனை நாளுக்கு ஒருமுறை' என்ற கட்டத்தில் 28 என்று நானே அடித்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம். நான் படித்த புத்தகத்தில் இருபத்தெட்டு என்றுதான் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், மகள் வயதுப் பெண்ணிடம் "உனக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்மா?" என்று கேட்கும்போது என் காது சூடாகிவிடும். கட்டத்தை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் ஆளுக்கு ஒரு கேள்வி மிச்சம். தவிர நான் வேலை பார்த்த இடமும் அப்படி. அங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு, இம்மி பிசகினால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். நான் பெண்களுக்கும் ஓர் அளவு நிர்ணயித்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து டாக்டர் அம்மா மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனார். ஆறு மாதம். அவருக்குப் பதிலாக ஒரு இளம் டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த காரிலேயே போய்விடுவார். "எப்படித் தெரியும்?" என்று கேட்க ஆளில்லாத ஆறு மாதம். நான் ராஜாவாக இருந்தேன்.

என் ராஜ்யத்துக்குள் இசக்கியம்மாள் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம், வயது இருபத்திரண்டு, கல்யாணமாகி ஒன்றரை வருடம். புருஷன் சுடலைமுத்து ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் மட்டும் பார்ப்பவன். இவளுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறை. இவள் இரவு ஷிப்ட் பார்க்கும் வாரங்களில் அவன் திரும்பும்போது இவள் கிளம்புவாள். அறை எப்போதும் ஒருவரைத்தான் பார்க்கும்.

"சார், எங்க அத்தை போன் போட்டாலே அதைத்தான் கேக்காவ," என்றாள். "நாள் பாத்து இருந்தா தங்கும்னு லைன்ல அக்காமாரு சொல்லுதாவ. நீங்க பாத்துச் சொல்லுவியளா?"

என்னிடம் கேட்டுவிட்டாளே! மஞ்சள் கார்டு எடுத்தேன். 28 தயாராக அச்சாகியிருந்தது. கறை கண்ட தேதியை மட்டும் சரியாகக் கேட்டுக்கொண்டு, இருபத்தெட்டில் பதினான்கு போனால் பதினான்கு என்று மின்னல் வேகத்தில் கணக்குப் போட்டு, பதினான்காம் நாளை நடுவில் வைத்துப் பதினொன்று முதல் பதினேழு வரை வட்டம் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மத்த நாள்ல விலகி இருந்துக்கோங்க, அப்பதான் அந்த ஏழு நாளுக்குப் பலம் சேரும்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன். அதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. எடுக்காத லீவைச் சேர்த்துவைப்பதுபோல இதையும் சேர்த்துவைக்கலாம் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்து ஷிப்ட். லைன் சூப்பர்வைசர் எத்திராஜ் உள்ளூர்க்காரன். அவனிடம் போய், இன்ன தேதி முதல் ஏழு நாள் இசக்கிக்குப் பகல் வேண்டும் என்று நின்றேன்.

"இன்னா சார், அந்தப் பொண்ணுக்கு நீ இன்னா தாய்மாமனா?" என்றான். "மாத்தறேன். ஆனா ஏழு நாள் பகல் வாங்கிகினா, அடுத்த ஏழு நாள் நைட்டு பாத்துக் குடுத்துடணும். இல்லாங்காட்டி மத்ததுங்கோ என் வூட்டாண்ட வந்து நிக்கும்."

நியாயமான ஏற்பாடு. சுழற்சிதோறும் பதினொன்றாம் நாள் முதல் பதினேழாம் நாள் வரை இசக்கி பகல், பதினெட்டு முதல் இருபத்துநான்கு வரை இரவு. இதைச் சாதித்த பெருமையில் அன்று கேன்டீனில் இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

முதல் மாதம் இருபத்தொன்பதாம் நாள் காலையில் இசக்கி ஓடிவந்தாள். "சார், தள்ளிப் போயிட்டு!" முகமெல்லாம் பல். "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்றேன், எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பத்திரண்டாம் நாள் கர்ப்பச் சோதனைப் பட்டையில் ஒரே கோடு, இரண்டாவது விழவில்லை. "சில பேருக்கு லேட்டாத்தான் காட்டும்" என்றேன். முப்பத்தொன்பதாம் நாள் அவள் வரவில்லை. நாற்பதாம் நாள் வந்து கார்டில் முந்தின நாள் தேதியைக் குறிக்கச் சொன்னாள். குறித்தேன்.

இது ஒரு முறை அல்ல, ஆறு மாதத்தில் நான்கு முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் இருபத்தொன்பதாம் நாள் சந்தோஷம், பத்து நாள் காத்திருப்பு, பிறகு தேதி குறித்தல். நானும் ஒவ்வொரு முறையும் "தள்ளிப் போயிருக்கு" என்று சொன்னேன். அவள் அதை அறையில் சொன்னாள், புருஷன் ஊருக்குச் சொன்னான், ஊரில் மாமியார் அக்கம்பக்கத்துக்குச் சொன்னாள். அது ஊரைச் சுற்றி வந்து சேர்ந்தபோது வேறு ஆளாகியிருந்தது: இசக்கிக்குக் கரு நிற்கிறது, ஆனால் தங்குவதில்லை.

மாசி மாதம் டாக்டர் அம்மா திரும்பி வந்தார். இசக்கியின் கார்டைப் பெருமையோடு நீட்டினேன். பென்சிலை எடுத்தார்.

"ஆறு மாசத்துல அஞ்சு தேதிதான் இருக்கு. மிச்சம் எங்க?"

"தள்ளித் தள்ளிப் போயிடுது மேடம்."

"எப்படித் தெரியும்?"

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி. அவர் மேசை நாட்காட்டியை இழுத்து வைத்து ஒரு தேதியிலிருந்து அடுத்த தேதிக்குப் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினார். வாய்விட்டு எண்ணினார். "முப்பத்தெட்டு." அடுத்தது. "முப்பத்தேழு." அடுத்தது. "முப்பத்தொம்பது. முப்பத்தெட்டு." எல்லாம் என் கையெழுத்தில் இருந்த தேதிகள்.

இசக்கியை வரச்சொன்னார்.

"உனக்கு எப்பவுமே இப்படித்தானாம்மா? ஒண்ணேகால் மாசத்துக்கு ஒருதடவை?"

"ஆமா மேடம். வயசுக்கு வந்த நாளா இப்படித்தான். எங்கம்மைக்கும் அப்படித்தானாம்."

"சார்ட்ட ஏம்மா சொல்லலை?"

அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "சார் கேக்கலியே மேடம். கார்டுல இருவத்தெட்டுன்னு அச்சடிச்சே இருந்துச்சு. எனக்குத்தான் என்னமோ கோளாறுன்னு நெனச்சேன்."

முப்பத்தெட்டிலிருந்து பதினான்கு போனால் இருபத்துநான்கு. அவளுக்கு வாய்ப்புள்ள நாட்கள் பத்தொன்பதிலிருந்து இருபத்துநான்கு வரை. அந்த நாட்கள் அத்தனையிலும் என் சிபாரிசின் பேரில் அவள் இரவு ஷிப்டில் இருந்தாள். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமையில் என் அறிவுரையின் பேரில் விலகி இருந்தாள். நான் எதுவுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால், வாரம் மாறி வாரம் வரும் சாதாரண ஷிப்டில் ஓரிரு மாதமாவது சரியான நாள் தானாக அமைந்திருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை மருந்துக்கடைகளில் விற்ற எந்தக் கருத்தடைச் சாதனமும் என் அளவுக்குத் துல்லியமாக வேலை செய்திருக்காது.

இதை நான் நகைச்சுவையாகச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது இசக்கி டாக்டரிடம் சொன்னாள்: "பங்குனி உத்தரத்துக்குச் சாஸ்தா கோயில்ல சொந்தக்காரங்க எல்லாரும் கூடுவாவ மேடம். என்னைய எங்கய்யா வீட்டுல கொண்டு விட்டுட்டு, அவுகளுக்கு வேற பொண்ணு பாக்கணும்னு அத்தை அங்க வச்சுப் பேசப் போறாவளாம். திரும்பத் திரும்பக் கரு கலையுத பொண்ண வச்சு என்ன செய்யன்னு கேக்காவ. சார் சொன்ன நாள்ல ஒழுங்காத்தான இருந்தோம், அப்ப உன் உடம்புலதான கோளாறுன்னு எங்க வீட்டுக்காரவுகளும் கேக்க ஆரம்பிச்சிட்டாவ."

அவள்மீது சுமத்திய குற்றத்துக்குச் சாட்சி என் கார்டு.

டாக்டர் அம்மா அவளை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "மாமியார் இங்கதான் வந்திருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நீங்க சொன்னா நல்லா எடுபடும் மேடம். டாக்டர் சொன்னா நம்புவாங்க."

"நான் தப்பு பண்ணலையே."

ஞாயிறு மதியம் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி ஒரு டீ குடித்தேன், தைரியம் வரட்டும் என்று. வரவில்லை. இன்னொரு டீ குடித்தேன். கடைக்காரர் மூன்றாவதும் போட ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

ஒரு லாட்ஜுக்குப் பின்னால் வரிசையாகப் பத்து அறை, அதில் கடைசி அறை அவர்களுடையது. சுடலைமுத்து பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டான். இசக்கி அடுப்பு மேடை ஓரமாக நின்றாள். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்கதான் அந்த ஆஸ்பத்திரி சாரா? நல்லா இருப்பிய. எங்க பிள்ளைக்காக எம்புட்டுப் பாடுபட்டிய. என்ன செய்ய, அவளுக்குக் குடுப்பினை இல்ல. கரு நிக்குது, பத்து நாள்ல கலைஞ்சு போவுது."

"கலையலைம்மா. நிக்கவே இல்லை."

"நாள் தள்ளிப் போச்சுன்னு நீங்கதான சொன்னிய?"

"நான்தான் சொன்னேன். தள்ளிப் போகலை. அவங்க உடம்புக்கு முப்பத்தெட்டு நாள்தான் சரியான நாள். நான் கேக்காம இருபத்தெட்டுன்னு அச்சடிச்சுட்டேன்."

சுடலைமுத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "அப்ப நீங்க வட்டம் போட்டுத் தந்த ஏழு நாளு?"

"அது தப்பு தம்பி."

"மத்த நாளு விலகி இருக்கச் சொன்னியளே?"

"அதுதான் இருக்கிறதுலயே பெரிய தப்பு."

அவன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அடித்துவிடுவான் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன்.

"சார், உங்களுக்கு எத்தன பிள்ளைய?"

"நாலு."

"இந்தக் கணக்குலயா?"

"கணக்கே பார்க்கலை தம்பி."

அடுப்பு மேடைப் பக்கம் ஒரு சத்தம். இசக்கி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பார்த்தால் அது அழுகையாக இருந்தது. எந்த இடத்தில் மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாமியார் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. அவளுக்கு வேறு கவலை. "ஊரு பூரா தங்கல தங்கலன்னு நானே சொல்லி வச்சிருக்கேனே ஐயா. இப்ப போயி ஒரு ஆம்பள கணக்க மாத்திப் போட்டுட்டான்னு சொன்னா எவ நம்புவா?"

"என் பேரைச் சொல்லுங்கம்மா."

"உங்க பேரு எங்களுக்கு என்ன தெரியும்? எழுதிக் குடுங்க."

இசக்கி ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்துத் தந்தாள். எழுதினேன். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேருக்கு மருத்துவச் சான்றிதழ் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், இப்படி வியர்த்ததில்லை. எழுதி முடித்து நீட்டியதும் மாமியார் அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மருமகளிடம் கொடுத்தாள்.

"வாசிளா."

இசக்கி வாசித்தாள். "இசக்கியம்மாளுக்கு ஒருமுறையும் கரு உண்டாகவில்லை, ஆகவே கலையவும் இல்லை. அவள் உடம்பில் குறை இருப்பதாக யாரும் சோதித்துச் சொல்லவில்லை. நாள் எண்ணியது நான். பிழை என்னுடையது. இப்படிக்கு, தணிகாசலம், முதலுதவி அறை."

"இன்னொருக்கா வாசி," என்றாள் மாமியார்.

இரண்டாம் முறை அவள் கொஞ்சம் சத்தமாக வாசித்தாள். பக்கத்து அறைக்காரப் பெண் வாசலில் வந்து நின்று கேட்டாள். இசக்கி அவளையும் பார்த்து, கடைசி இரண்டு வரியை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மாமியார் தாளை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

பங்குனி உத்திரம் முடிந்து திரும்பிய சுடலைமுத்து சொன்னான், சாஸ்தா கோயிலில் பெரியப்பா ஒருவர் அதை எல்லோருக்கும் உரக்க வாசித்தாராம். மாமியார் வேறு பெண் பேச்சை எடுக்கவில்லையாம். "ஒரு வருஷம் பாப்போம்" என்றாளாம். திருநெல்வேலிச் சீமையில் என் பெயர் எந்த மாதிரி வழங்குகிறது என்று நான் விசாரிக்கவில்லை.

எனக்குத் தண்டனை டாக்டர் அம்மா கொடுத்தார். மூலப்பிரதியில் அந்த எண்ணை வெள்ளை மையால் என் கையாலேயே அழிக்கவைத்தார். பிறகு, ஏற்கெனவே கார்டு வாங்கிய ஒவ்வொரு பெண்ணையும் கூப்பிட்டு, "எத்தனை நாளைக்கு ஒருமுறை?" என்று நானே கேட்டுத் திருத்த வேண்டும். மூன்று வாரம் ஆனது. முதல் நாள் காது பழுத்தது. மூன்றாம் வாரம் காய்கறி விலை கேட்பதுபோலக் கேட்டேன், அவர்களும் அப்படியே சொன்னார்கள். சரியாக இருபத்தெட்டு என்று சொன்னவர்கள் என் கைவிரல்களுக்குள் அடங்கினார்கள்.

எத்திராஜிடம் மறுபடி போனேன்.

"இம்மாம் நாளா பதினொண்ணுலேருந்துன்னு சொல்லிகினு இருந்த, இப்போ பதினெட்டுலேருந்துன்ற. இன்னா சார் விளையாடுறியா?"

"கணக்கு தப்பாயிடுச்சுப்பா."

"எனக்குத் தெரியும் சார். லைனுக்கே தெரியும்," என்றான். மாற்றிக் கொடுத்தான்.

டாக்டர் அம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இசக்கிக்கும் சுடலைமுத்துவுக்கும் சோதனை எழுதிக் கொடுத்தார். குறையில்லை என்று வந்தது. "சேத்து வைக்கிறதெல்லாம் வேண்டாம். அந்த நாட்கள்ல ஒண்ணுவிட்டு ஒருநாள் போதும்" என்றார். "நாள் சரியா இருந்தாலே உடனே உண்டாயிடும்னு நினைக்காதீங்க. எல்லாம் நல்லா இருக்கிற சின்ன வயசு ஜோடிக்கே ஒரு மாசத்துல நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணுதான் வாய்ப்பு. ஒரு வருஷம் பாக்காம யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் என்னையும் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

முதல் முறை பலிக்கவில்லை. முப்பத்தெட்டாம் நாள் வந்து தேதி குறித்தாள். இருபத்தொன்பதாம் நாள் ஓடிவரவில்லை என்பதைக் கவனித்தேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை முப்பத்தெட்டும் போனது, முப்பத்தொன்பதும் போனது. நான் தூரத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. எனக்கு இனிமேல் கேட்க உரிமையில்லை என்று ஒரு எண்ணம்.

நாற்பத்தாறாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு இசக்கி வந்தாள். "சோதிச்சுப் பாக்கணும் சார்" என்றாள். பட்டையை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து என் மேசைமேல் வைத்தாள். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கோடு வந்தது. பிறகு பக்கத்தில் இரண்டாவதும் வந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நாட்காட்டியை இழுத்தேன், பென்சிலை எடுத்தேன். "இரு, பிரசவத் தேதி எப்போன்னு போட்டுச் சொல்லிடறேன்" என்றேன்.

இசக்கி நாட்காட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"மேடம் எத்தன மணிக்கு வருவாவ சார்?"

"பதினொண்ணு."

"நான் இருந்துக்கிடுதேன்," என்றாள்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.